புதன்கிழமை மூணு மணி

வாசகர் கேள்விகளுக்கு ஊத்தங்கரையிலிருந்து ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரின் பதில்கள்

ஃபெஞ்சல் புயல் வெள்ளம் வந்து, 2025 டிசம்பர் முதல் தேதியோடு ஒரு வருஷம் ஆகிறது. போன இதழில் எங்கள் குழுவைப் பற்றிச் சின்னதாக ஒரு குறிப்பு வந்திருந்தது. மனசு அடிபட்டவர்கள் வாரம் ஒரு நாள் கூடி உட்காரும் இடம், 5 பேரோடு ஆரம்பித்தது, இப்போது 34 பேர் என்று. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களை ஆசிரியர் குழுவினர் ஒரு மஞ்சப்பையில் போட்டு அனுப்பிவைத்தார்கள். எல்லாவற்றையும் படித்தேன். சிலருக்குத் தனியாகப் பதில் எழுதியிருக்கிறேன். நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ‘மனக்காயம்’ என்று எழுதியிருந்தீர்கள். கவலை, துக்கம், பயம் எல்லாம் அதுதானா? எங்களுக்கு விளங்குகிற மாதிரி சொல்லுங்கள்.
— குடும்பத் தலைவி, காவேரிப்பட்டணம்

நான் பார்த்த ஒரு கையைப் பற்றிச் சொல்கிறேன், அம்மா.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இருந்தோம். அது வலுவிழந்து, நகராமல் நின்று, மெல்ல மேற்கே வந்து நம் தலையில் கொட்டியது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர் மழை. அரூரில் 33. ஏரி நிரம்பி வழிந்து, பேருந்து நிலையத்துப் பக்கம் நிறுத்தியிருந்த வேனும் காரும் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டு போனதை நீங்களும் செல்போனில் பார்த்திருப்பீர்கள்.

அந்த ராத்திரி எங்கள் பக்கத்து ஊரில் ஓர் ஆயா, அமாவாசை இருட்டில், கரண்ட் இல்லாமல், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு தன் இரண்டு ஆடுகளின் கயிற்றையும் பிடித்திருந்தார். ஒன்று போய்விட்டது. ஒன்று பிழைத்தது. விடிந்து பேரன்கள் வந்து பார்த்தபோது அவர் கையிலிருந்து கயிற்றை வாங்க முடியவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறார்கள். உள்ளங்கைத் தோல் வழன்றிருந்தது. நான்தான் மருந்து வைத்துக் கட்டினேன். பத்து நாளில் தோல் ஆறிவிட்டது. ஆனால் தூங்கினால் அந்த வலது கை தானாக மூடிக்கொள்ளும். காலையில் பார்த்தால் உள்ளங்கையில் நகம் பதிந்து நாலு பிறை இருக்கும். “ஆடு போனது போவுது கண்ணு, இன்னொன்னு வாங்கிக்கலாம். இந்தக் கை எதுக்கு இப்படிப் பண்ணுது?” என்று என்னைக் கேட்டார்.

அந்தக் கைதான் மனக்காயம். நாளைக்கு என்ன ஆகுமோ என்பது கவலை. போனதை நினைத்து வருவது துக்கம். இது இரண்டும் இல்லை. நடந்தது முடிந்துவிட்டது என்று புத்திக்குத் தெரியும், உடம்புக்கு இன்னும் தெரியாது. சிமெண்ட் ஷீட்டில் நாலு துளி விழுந்தால் நெஞ்சு படபடக்கும். சேற்று வாடை வந்தால் குமட்டும். சிலர் எரிந்து எரிந்து விழுவார்கள். சிலருக்கு ஒன்றுமே தோன்றாது, மரத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத்தான் ‘இவளுக்குக் கல்நெஞ்சு, ஒரு சொட்டு அழுதாளா பார்’ என்று ஊர் பேசும். தயவுசெய்து அப்படிப் பேசாதீர்கள்.

டாக்டர்கள் சொல்லும் ‘ட்ரௌமா’ என்ற வார்த்தைக்குக் கிரேக்க மொழியில் காயம் என்றே பொருள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் இதன் நீண்ட நாள் பாதிப்பைத் தனி நோயாகச் சேர்த்தது 1980-இல். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் ஊருக்கு வந்தும் போரிலேயே இருந்ததைப் பார்த்து, நிறையப் பேர் போராடிய பிறகு சேர்த்தார்கள். நம் ஊரில் அதற்கு முன்பே பெயர் இருந்தது. ‘பயம் புடிச்சிருக்கு’, ‘மனசு அடிபட்டுப்போச்சு’ என்று சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊரிலும் இப்படி ஒரு குழு ஆரம்பிக்க ஆசை. ஒரே வருஷத்தில், அதுவும் இப்படி ஒரு வருஷத்தில், 5 பேர் 34 பேர் ஆனது எப்படி? பணம் எங்கிருந்து வந்தது? மறைக்காமல் எழுதுங்கள்.
— சுய உதவிக் குழு உறுப்பினர், பென்னாகரம்

மறைக்க ஒன்றும் இல்லை, தங்கச்சி. தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2021-இல் கொரோனா இரண்டாவது அலை முடிந்த கையோடு நாங்கள் 5 பேர் சேர்ந்தோம். ஓய்வுபெற்ற நர்ஸ் இரண்டு பேர், ஓர் அங்கன்வாடி டீச்சர், ஒரு தையல்காரம்மா, கொரோனாவில் வீட்டுக்காரரைப் பறிகொடுத்த ஒரு பெண். மாதம் ஒரு தரம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவோம். மூன்று வருஷமாக அந்த 5 பேர்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வெள்ளம் வடிந்து டிசம்பர் 4-ஆம் தேதி புதன்கிழமை, பிரெட், பினாயில், பிளீச்சிங் பவுடர் எடுத்துக்கொண்டு போனோம். மனசைப் பற்றிய நினைப்பே இல்லை, தரை கழுவத்தான் போனோம். ஒரு வீட்டில் ஒரு பெண் கல்யாண ஆல்பத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடியில் கிளிப் போட்டுக்கொண்டிருந்தாள். மாலையும் கழுத்துமாக நிற்கிற போட்டோவில் முகம் கரைந்து வெள்ளையாக இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசாமல் கிளிப் எடுத்துக் கொடுத்தேன். கிளம்பும்போது, “அடுத்த புதன் வருவீங்களாக்கா?” என்றாள். வருகிறேன் என்றேன். சொன்ன மாதிரி போனேன். எங்கள் குழு வளர்ந்த கதையில் பாதி இதுதான்.

வெள்ளம் வந்த முதல் வாரம் எத்தனையோ பேர் வந்தார்கள். சாப்பாடு, போர்வை, பாய் கொடுத்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன், அன்றைக்குப் பசித்த வயிறு அவர்களால்தான் நிறைந்தது. ஆனால் பொங்கல் வரைக்கும் யாரும் இருக்கவில்லை. தூக்கம் போவதும், கை நடுங்குவதும், குடும்பத்துக்குள் சண்டை வருவதும் அதற்கப்புறம்தான். அந்த நேரத்தில் புதன்கிழமை ஆனால் இவர்கள் வருவார்கள் என்று ஒரு நம்பிக்கை வந்தது பாருங்கள், அதைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்தான் எல்லாரும். கிழமையை மாற்றலாமா என்று ஒருமுறை கேட்டபோது ஒரு பெரியம்மா, “பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்மா, இதே இருக்கட்டும்” என்றார். நேரம் மூணு மணி. நூறு நாள் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவதற்குள், சாயங்காலப் பால் சொசைட்டிக்குள் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும்.

இப்போது எங்கள் தப்பைச் சொல்கிறேன். மூன்றாவது புதன். எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, அன்று ராத்திரி என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னோம். கொட்டித் தீர்த்தால் பாரம் குறையும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். நாலாவதாக ஒரு பெண். “தண்ணி வந்துச்சு...” என்று ஆரம்பித்தவள் மூச்சு முட்டி, எழுந்து வெளியே ஓடி, வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அதற்கப்புறம் ஆறு வாரம் அவள் எங்கள் பக்கமே வரவில்லை. அந்தப் பாவம் என்னுடையது, நான்தான் அன்று அவளைப் பேசச் சொன்னேன்.

பிறகு ஒரு மனநல டாக்டரம்மா எங்களுக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேட்டை வைத்துத்தான் பாடம். அதில் மூன்றே சொல்: பார், கேள், இணை. யாருக்கு என்ன அவசரம், குழந்தை தனியாக இருக்கிறதா, காயம் இருக்கிறதா என்று முதலில் பார். அவர்களாகச் சொன்னால் கேள், தோண்டாதே. ரேஷன் கார்டு போயிருந்தால் தாலுகா அலுவலகம், காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையம், பிரிந்த சொந்தம் இருந்தால் அவர்கள் வீடு என்று யாரோடு சேர்க்கவேண்டுமோ அங்கே இணை. ஆபத்து நடந்த சூட்டோடு எல்லாரையும் உட்காரவைத்து நடந்ததை ஒப்பிக்கச் சொல்வது பயன் தராது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. படித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. முன்னாடியே தெரிந்திருந்தால் அந்தப் பெண்ணை அப்படிப் படுத்தியிருக்க மாட்டேன்.

ஆறு வாரம் கழித்து நானே அவள் வீட்டுக்குப் போய், “தப்பு என்னுடையதும்மா” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, நிலக்கடலை வறுத்துக் கொடுத்தாள். இன்றைக்குப் புதிதாக வருகிறவர்களை வாசலில் நின்று கூப்பிட்டு உட்காரவைப்பது அவள்தான். “இங்க யாரும் எதையும் சொல்லணும்னு இல்ல, டீ குடிச்சிட்டுப் போனாலும் சரி” என்பதுதான் அவள் முதல் வார்த்தை. 34 பேரில் 19 பேர் அவளைப் போல ஆறுதல் தேடி வந்து, ஆறுதல் சொல்கிறவர்களாக மாறியவர்கள்.

இடத்துக்குப் பட்ட பாடு வேறு. மார்கழி முழுக்க ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைச் சும்மா கொடுத்தார்கள். தை பிறந்தது, முகூர்த்தம் ஆரம்பித்தது, இடம் போனது. புளியமரத்தடியில் இரண்டு மாதம். வெயில் ஏறியதும் தையல்காரம்மா கடையில், துணி மூட்டைகளுக்கு நடுவே. இப்போது ஒரு விவசாயி, பட்டுப்பூச்சி வளர்ப்பதை நிறுத்திவிட்டு வெறுமனே கிடந்த கொட்டாயைக் கொடுத்திருக்கிறார். பட்டுப்புழு கூடு கட்டும் பழைய சந்திரிகைத் தட்டுகளைச் சுவரோடு சாய்த்துவிட்டுப் பாய் விரித்திருக்கிறோம். மல்பெரி இலை வாசனை இன்னும் போகவில்லை. மழை அடித்தால் ஒரு மூலையில் ஒழுகும், அந்த மூலையில் யாரையும் உட்காரவிடுவதில்லை.

பணம் கேட்டீர்கள். டீ, பஸ் செலவு, போன் ரீசார்ஜ், இவ்வளவுதான் செலவு. சம்பளம் யாருக்கும் இல்லை. மாசி மாதம் அதற்கும் வழியில்லாமல் போனது. அப்போது வெளியூரிலிருந்து ஒருவர் பெரிய தொகை தருவதாக வந்தார். எங்கள் பெண்கள் அழுகிற மாதிரி படம் எடுத்து பேனரில் போடவேண்டும் என்றார். அன்று 16 பேர் இருந்தோம், யாரைக் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து கைப்பிடி அரிசி முறை. தினம் உலையில் போடும்போது ஒரு கைப்பிடி தனியாக எடுத்து வைத்து, புதன்கிழமை கொண்டுவந்து ஒரு தூக்கில் கொட்டுவது. சிலர் கேழ்வரகு கொண்டுவருவார்கள். அதை விற்ற காசில்தான் டீ. கைப்பிடி அரிசி கொண்டுவர ஆரம்பித்த பிறகு யாரும் ‘உங்க குழு’ என்று சொல்வதில்லை, ‘நம்ம குழு’ என்கிறார்கள். பெரிய தொகை வந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பெயர்ப்பலகை வேண்டாம், ரிஜிஸ்டர் செய்ய அவசரம் வேண்டாம். ஒரு கிழமையைச் சொல்லுங்கள். அந்தக் கிழமை இடி விழுந்தாலும் போய் உட்காருங்கள்.

கேள்வி: என் வகுப்பில் ஒரு பையன். மேகம் கறுத்தாலே ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறான், பாடம் ஏறவில்லை. இரவில் பாயை நனைக்கிறான் என்று அவன் அம்மா சொல்கிறார். எவ்வளவு நாள் பொறுத்திருப்பது?
— ஆசிரியை, சிங்காரப்பேட்டை

டீச்சர், முதலில் உங்களுக்கு என் வணக்கம். ஜன்னலைப் பார்க்கிறவனை வம்பு பண்ணுகிறான் என்று நினைக்காமல் கவனித்திருக்கிறீர்களே.

ஆபத்து நடந்த முதல் சில வாரங்களில் குழந்தைகள் இப்படி இருப்பது இயல்பு. நின்ற பழக்கம் திரும்பி வரும், விரல் சூப்புவார்கள், அம்மா முந்தானையை விடமாட்டார்கள். திட்டாமல், சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் என்று நாள் ஒழுங்காக ஓடினால் பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை, சாப்பாடு தூக்கம் கெடுகிறது என்றால் டாக்டரிடம் காட்டவேண்டும். உங்கள் பையனுக்கு வருஷமே ஆகப்போகிறது, இனி பொறுக்கவேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் அரசு மருத்துவமனையில் பார்ப்பார். அதற்கு முன்னால் யாரிடமாவது கேட்டுத் தெளியவேண்டும் என்றால் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த இலவச மனநல எண், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். குழந்தைக்கு வேறு ஏதாவது கொடுமை நடக்கிறது என்று சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

எங்களிடம் வரும் ஒரு பையன், ஆறாம் வகுப்பு, தினம் சாயங்காலம் ஸ்டூல் போட்டு ஏறித் தன் புத்தகப்பையைப் பரண் மேல் வைத்துவிட்டுத்தான் படுப்பான். வெள்ளத்தில் அவன் புத்தகமெல்லாம் போய்விட்டது. வீட்டில் ஏன்டா இப்படி என்று அதட்டினார்கள். எங்கள் அங்கன்வாடி டீச்சர் அதட்டவில்லை. ஒரு தடிமனான பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பேண்டும் கொடுத்து, “இதுல போட்டு வெச்சா தண்ணியே போகாது, பரண்ல ஏத்தினா இன்னும் நல்லது” என்றார். இரண்டு பேருமாக பையை உறையில் போட்டு ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார்கள். நனையவில்லை. பங்குனி வரைக்கும் பரணில்தான் வைத்தான். பிறகு ஒருநாள் அலமாரியில் வைத்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேள்வி: மாமியார் என் மகளைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய் ஊதிக்கொண்டு வருகிறார். வேப்பிலை அடிக்கிறார். கணவர் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சத்தம் போடுகிறார். நான் யார் பக்கம்?
— வாசகி, மத்தூர்

மகள் பக்கம் இருங்கள். ஒரு பெரியவர் குழந்தையின் தலையில் கை வைத்து, கண்ணை மூடி, அதற்காக வேண்டிக்கொள்கிறார். பாட்டி இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்வருகிறார். குழந்தைக்கு ‘எனக்காக இத்தனை பேர் இருக்கிறார்கள்’ என்று படுகிறது. அதில் எனக்கு ஒரு கெடுதலும் தெரியவில்லை. சூடு போடுவது, அடிப்பது, புகை காட்டுவது, கட்டிவைப்பது இந்த நாலும் எந்தப் பெயரில் நடந்தாலும் தடுத்தே ஆகவேண்டும். 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிப்போனதை நாம் மறக்கக்கூடாது. மாமியாரிடம் சண்டை வேண்டாம். “நீங்க ஊதிட்டு வாங்கத்தே, நான் டாக்டர்கிட்டயும் காட்டிடறேன்” என்று சொல்லிப் பாருங்கள். இரண்டும் நடக்கட்டும்.

கேள்வி: ஆண்கள் உங்கள் குழுவுக்கு வருவதுண்டா? என் தம்பிக்கு வேன் போய்விட்டது. குடி அதிகமாகிவிட்டது. கூப்பிட்டால் ‘அது பொம்பளைங்க அழுகிற இடம்’ என்கிறான்.
— அரசு ஊழியர், கிருஷ்ணகிரி

ஐயா, உங்கள் தம்பி சொன்னதைத்தான் எல்லா ஆண்களும் சொன்னார்கள். ஆறு மாதம் வரைக்கும் ஒருவர்கூட வரவில்லை.

முதலில் வந்தவரும் வேன் டிரைவர்தான். கொட்டாய்க்கு டியூப் லைட் மாட்ட ஆள் தேடினோம், வந்தார். மாட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த புதன் தானாக வந்து, “லைட் எரியுதான்னு பாக்க வந்தேன்” என்றார். அதற்கடுத்த புதன் ஸ்விட்சைப் பார்க்க வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து டீ குடிப்பார், உள்ளே வரமாட்டார். இப்படிச் சில வாரம். ஆடியில் ஒருநாள் எல்லாரும் போன பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். படியில் இருந்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “வண்டி தண்ணியில போறப்ப ஹெட்லைட் தானா எரிஞ்சுச்சுக்கா. என்னையே பாத்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு.” வண்டி போய்விட்டது, தவணை போகவில்லை. மாதாமாதம் இல்லாத வண்டிக்குக் கட்டிக்கொண்டிருந்தார். ஆண்பிள்ளைக்கு நம் ஊரில் பணக் கஷ்டத்தைச் சொல்லலாம், கோபத்தைக் காட்டலாம், பயந்தேன் என்று மட்டும் சொல்லக்கூடாது. சொல்ல முடியாததைத்தான் குடித்து அடக்குகிறார்கள்.

உங்கள் தம்பியை ‘பேச’ என்று கூப்பிடாதீர்கள். எங்கள் மூலை ஒழுகுகிறது, சிமெண்ட் ஷீட் ஒன்று மாற்றவேண்டும். அதற்கு அனுப்பிவையுங்கள். குடியைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை கேட்கமாட்டோம். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று அவர் ஒரு தரம் சொன்னாலும், விளையாட்டாகச் சொன்னாலும், தனியாக விடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

கேள்வி: தூக்க மாத்திரை போட்டால் பழகிவிடுமா?
— வாசகர், பாலக்கோடு

மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை பழகிவிடும், வாங்காதீர்கள். மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரை வேறு வகை. அது வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. 33 வருஷம் வார்டில் இருந்தவள் சொல்கிறேன், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடக் கூச்சப்படாதவர்கள் இதற்கும் கூச்சப்படவேண்டாம்.

கேள்வி: வாச்சாத்தி பற்றிப் படித்தேன். நீதி கிடைத்தால் மனக்காயம் ஆறிவிடுமா?
— கல்லூரி மாணவி, அரூர்

உன் ஊர்ப் பக்கத்துக் கதை, மகளே. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையடிவார ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கத்தின் துணையோடு அந்தப் பெண்கள் கோர்ட் படி ஏறினார்கள். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் அவர்களில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29-இல். ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 31 வருஷம். தீர்ப்புக்கு முன்னால் நீதிபதி வேல்முருகன் சென்னையிலிருந்து வாச்சாத்திக்கே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பெண்கள் மனசுக்குள் ஆறியதா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எங்கள் கொட்டாயில் கண்டதைச் சொல்கிறேன். வெள்ளத்துக்கு ஆறுதல் தேடி வந்த ஓர் அம்மா, ஐந்தாவது மாதம் வேறொன்றைச் சொன்னார். 22 வருஷத்துக்கு முன்னால், சொந்தத்திலேயே ஒருவன் செய்தது. சொல்வதற்கு முன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “சொன்னா நம்புவீங்களா?” அடிபட்ட எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். ‘நீ சொன்னது பொய்’ என்று உலகம் சொல்லிக்கொண்டிருக்கும்வரை எந்த மருந்தும் பிடிக்காது. ‘நீ சொன்னது உண்மை’ என்று ஒரு கோர்ட் சொன்னால், ஒரு நீதிபதி ஊருக்கே வந்து பார்த்தால், அது பெரிய மருந்து. அதற்கு 31 வருஷம் காக்கவைத்தது இன்னொரு காயம். ஆகவே எங்களிடம் வருகிற பெண் புகார் கொடுக்கவேண்டும் என்றால் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசி, கூடவே போகிறோம். வேண்டாம் என்றால் வற்புறுத்துவதில்லை. முடிவு அவள் கையில் இருக்கவேண்டும், அன்றைக்கு அவளிடமிருந்து பறித்தது அதைத்தானே.

கேள்வி: கேட்டுக் கேட்டு உங்களுக்குப் பாரம் ஏறாதா? மறுபடியும் மழைக்காலம் வந்துவிட்டது, பயமாக இல்லையா?
— வாசகி, தருமபுரி

ஏறியது. மார்ச் மாதம் எனக்கே தூக்கம் போனது. பிளீச்சிங் பவுடர் வாடை, இல்லாத இடத்தில் எல்லாம் அடித்தது. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவேன். யாரிடமும் சொல்லவில்லை, நர்ஸுக்கு என்ன வியாதி என்ற நினைப்பு. தையல்காரம்மாதான் ரவிக்கை அளவெடுக்கும்போது கண்டுபிடித்தார். “அக்கா, ரெண்டு இஞ்ச் எறங்கிட்டீங்க. இந்த புதனும் அடுத்த புதனும் நீங்க பாய்ல உக்காருங்க, நாங்க கேக்கறோம்” என்றார். உட்கார்ந்தேன். அழுதேன். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கேட்பவர்கள் எல்லாரும் ஜோடி ஜோடி. நான் கேட்டதில் எனக்குக் கனத்ததை, பெயர் ஊர் சொல்லாமல், என் ஜோடியிடம் இறக்கிவைக்கவேண்டும். வாரம் தவறக்கூடாது.

மழைக்கும் ஏற்பாடு செய்திருக்கிறோம். டார்ச், பேட்டரி, ரேஷன் கார்டு நகல், மாத்திரை, எல்லாம் ஓர் உறையில் பரண் மேல். ராத்திரி மழை பிடித்தால் யார் யாருக்குப் போன் போடவேண்டும் என்று எழுதி எல்லார் வீட்டுக் காலண்டர் பக்கத்திலும் ஒட்டியிருக்கிறது. ஒருவர் இரண்டு பேருக்கு, அந்த இரண்டு பேர் நாலு பேருக்கு. எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போடவேண்டும். பேச ஒன்றும் இருக்கவேண்டியதில்லை, முழித்திருக்கிறோம் என்று சொன்னால் போதும்.

இந்த ஐப்பசியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு நல்ல மழை பிடித்தது. நான் போனை எடுப்பதற்குள் அது அடித்தது. அந்த ஆயா.

“கண்ணு, முழிச்சிருக்கியா?”

“முழிச்சுதான் இருக்கேன் ஆயா. பயமா இருக்கா?”

“இருக்குது. ஆனா ஆட்டை மேட்டுல கட்டிட்டேன். நீ சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். போனை எந்தக் கையில புடிச்சிருக்கீங்க?”

கொஞ்ச நேரம் மழைச் சத்தம்தான் கேட்டது. “சோத்துக் கையிலதான்” என்றார். நாலு மணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். மழை விட்டது, ஆட்டை அவிழ்க்கப் போகவேண்டும் என்று வைத்துவிட்டார்.